கண்ணாடித் தொட்டி மீனைக் குளத்தில் விடலாமா?

வீட்டு அலங்காரத்துக்காகக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது இப்போது நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் பரவிவிட்டது. தொட்டி உடைந்தாலோ, மீன் அளவுக்கு மீறி வளர்ந்தாலோ, வீட்டார் வெளியூர் சென்றாலோ அந்த மீன்கள் பக்கத்துக் குளத்திலோ வாய்க்காலிலோ விடப்படுகின்றன. ஓர் உயிரைக் கொல்லாமல் விட்டோம் என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆனால் அந்த ஒரு மீனால் குளத்தில் உள்ள மற்ற உயிர்களுக்கும், குளத்தை நம்பியுள்ள ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் என்ன நேரும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

தொட்டி மீன்களில் பெரும்பாலானவை தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியா ஆகிய வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தவை. இவற்றைத் திறந்த நீரில் விடும் பழக்கம் உலகமெங்கும் உண்டு. குளிர் நாடுகளில் நடந்ததை முதலில் பார்த்தால், நம் நாட்டில் ஆபத்து ஏன் கூடுதல் என்பது விளங்கும்.

குளிரே காவல்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையில் ஏரியில் விடப்படும் வெப்பநாட்டு மீன் சில மாதங்கள் உயிரோடிருக்கும். குளிர்காலம் வந்து நீரின் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடுக்கும் கீழே இறங்கியதும் அவற்றில் பெரும்பாலானவை மாண்டுவிடும். அந்நாடுகளுக்குக் குளிர்காலமே சம்பளம் வாங்காத காவல்காரன்.

காவல் இல்லாத இடங்களும் அங்கே உண்டு. இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ் என்னும் ஊரில் கண்ணாடித் தொழிற்சாலையின் வெந்நீர் கால்வாயில் விடப்பட்டது. யாரோ விட்ட கப்பி மீன்கள் 1960-களில் அந்த வெதுவெதுப்பான பகுதியில் பெருகி வாழ்ந்தன. வெந்நீர் வரத்து நின்றதும் அவையும் அழிந்தன. ஜெர்மனியில் கில்பாக் என்னும் ஓடையில் அனல் மின் நிலையத்தின் வெந்நீர் கலக்கிறது. அங்கும் கப்பி முதலான வெப்பநாட்டு மீன்கள் குடியேறிவிட்டன. அனல் மின் நிலையத்து வெந்நீர் எப்படியிருக்கும் என்பதைத் தூத்துக்குடி வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கனடாவில் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. பான்ஃப் தேசியப் பூங்காவில் ஒரு வெந்நீர் ஊற்றும் அதையொட்டிய சிறு சதுப்பு நிலமும் உள்ளன. அந்தச் சதுப்பில் மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு மீன் வகை இருந்தது. உலகில் வேறெங்கும் அது கிடையாது. 1924-ம் ஆண்டில் கொசுவை ஒழிப்பதற்காகக் கம்பூசியா மீன்கள் அங்கே விடப்பட்டன. பின்னாளில் பொதுமக்கள் தம் வீட்டுத் தொட்டி மீன்களையும் கொண்டுவந்து விட்டனர். வெந்நீரில் அவை பெருகின. சொந்த ஊர் மீன் குறைந்துகொண்டே வந்தது. 1987-ம் ஆண்டில் அந்த இனம் அடியோடு அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் பனி உறையும் நாட்டில், வெந்நீர் கிடைத்த ஒரு சிறு இடத்திலேயே இவ்வளவும் நடந்தது.

நமக்கு அந்தக் காவல் இல்லை

தூத்துக்குடி மாவட்டத்தில் தை மாத இரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆண்டு முழுவதும் குளத்து நீர் தொட்டி மீனுக்கு ஏற்ற பதத்திலேயே இருக்கிறது. குளிரால் சாகும் என்று இங்கே எந்த மீனையும் எதிர்பார்க்க முடியாது. பான்ஃபில் ஒரு சதுப்பு நிலத்துக்கு நேர்ந்தது இங்கே எந்தக் குளத்துக்கும் நேரலாம்.

நம் பாசன அமைப்பும் இதற்குத் துணை செய்கிறது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து, குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்புகின்றன. தென்காலில் கடம்பாகுளமும், வடகாலின் கடைக்கோடியில் கோரம்பள்ளம் குளமும் உள்ளன. மேல்குளத்தின் மறுகால் நீர் கீழ்க்குளத்துக்கு வருகிறது. தண்ணீர் போகும் வழியெல்லாம் மீனும் போகும். ஒரு குளத்தில் விட்ட மீன், ஒரே குளத்து மீனாக நெடுநாள் இராது.

வெள்ளம் வந்தாலோ கேட்கவே வேண்டியதில்லை. 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கோரம்பள்ளம் குளம் உட்பட மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன. வயல், தோட்டம், தெரு, வீடு எல்லாம் ஒரே வெள்ளக்காடாயின. இத்தகைய நாளில் வீட்டு முற்றத்துச் சிமெண்டுத் தொட்டிக்கும், பண்ணைக் குட்டைக்கும், ஆற்றுக்கும் இடையே எல்லை என்று எதுவும் இருப்பதில்லை.

ஏற்கெனவே பட்ட பாடு

அழகுக்காகவும் பயனுக்காகவும் கொண்டுவந்தவை பிறகு தலைவலியாக மாறிய கதை விவசாயிகளுக்குப் புதிதல்ல. ஆகாயத்தாமரை தென் அமெரிக்கச் செடி. அதன் பூவின் அழகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்கத்துக்கு வந்தது. இன்று அது அடைக்காத வாய்க்கால் எது? விறகுக்கு உதவும் என்று பரப்பப்பட்ட சீமைக் கருவேலம் எத்தனை குளங்களின் உட்புறத்தை அடைத்து நிற்கிறது என்பதையும் அனைவரும் அறிவர்.

தொட்டியில் வைக்கும் செடியும் இப்படியே பரவும். கபோம்பா என்னும் தொட்டிச் செடியின் ஒரு வகை, 2020-ம் ஆண்டில் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் வாய்க்கால் நெடுக இளஞ்சிவப்பாகப் பூத்தது. அதைக் காண மக்கள் திரண்டனர். வாய்க்காலில் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தை அந்தச் செடி பிடித்துக்கொண்டது என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

மீனில் இதற்கு நல்ல உதாரணம் ஜிலேபி கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952-ம் ஆண்டில் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டு மூன்று மாதங்களிலேயே சினைக்கு வந்துவிடும். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும். ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கும். இதனால் கூட்டம் பெருகி, இரை போதாமல் மீன் சிறுத்துவிடும். 1959-ம் ஆண்டிலேயே இதனைப் பரப்பக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் மீன் பரவிவிட்டது. அமராவதி நீர்த்தேக்கத்தில் இதுவே முதன்மையான மீனாயிற்று. ஜிலேபி கெண்டை ஏழைகளுக்கு மலிவான உணவு என்பது உண்மையே. ஆயினும், விட்டபின் திரும்ப எடுக்க முடியாது என்ற பாடத்தையும் அது கற்பித்தது. சட்டம் போட்டுத் தடுத்த காலத்தில் மீன் சட்டத்துக்கு முன்னே போய்விட்டிருந்தது.

ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கதையும் இதுதான். 1990-களில் அனுமதியின்றி நாட்டுக்குள் வந்த இம்மீன் கண்டதையெல்லாம் தின்னக்கூடியது. குளத்து மீன்களை வேட்டையாடும். மத்திய அரசு 2000-ம் ஆண்டில் இதற்குத் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் இரகசியமாக வளர்ப்பதும், அதிகாரிகள் அழிப்பதும் பல மாநிலங்களில் தொடர்ந்து நடந்திருக்கின்றன.

சக்கர் மீன்: அடையாளமும் ஆபத்தும்

தொட்டி மீன்களில் பாசன விவசாயி முக்கியமாக அறிந்திருக்க வேண்டியது சக்கர் மீன். கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்பதால் இப்பெயர். வாங்கும்போது விரல் நீளமே இருக்கும். வளர்ந்தால் ஒன்றரை அடிக்குக் குறையாது. தொட்டி கொள்ளாத நிலையில்தான் இது குளத்துக்கு வருகிறது. கிழக்குக் கொல்கத்தாவின் சதுப்பு நிலங்களிலும், கேரளத்திலும், சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் இது பிடிபட்டுள்ளது.

இதன் அடையாளங்கள் வருமாறு:

உடல் முழுவதும் செதிலுக்குப் பதிலாகக் கெட்டியான எலும்புத் தகடுகள் வரிசையாக இருக்கும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும்.

வாய் தலையின் அடிப்புறத்தில் வட்டமான உறிஞ்சி போல அமைந்திருக்கும்.

முதுகுத் துடுப்பு பாய்மரம் போல உயர்ந்து விரியும். பழுப்பு அல்லது கரும் நிற உடலில் புள்ளிகளோ நெளிகோடுகளோ காணப்படும்.

நாட்டுக் கெளுத்திக்குத் தோல் வழவழப்பாகவும், மீசை நீளமாகவும் இருக்கும் என்பதால் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

இம்மீனால் வரும் தீமைகளில் முதலாவது கரைச் சேதம். ஆண் மீன் முட்டை இடுவதற்காகக் கரை மண்ணில் வளை தோண்டும். வளை மூன்றடி ஆழம் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் உள்ளே செல்லும். ஒரே இடத்தில் பல வளைகள் அடுத்தடுத்து இருக்கும். மெக்சிகோ, ஃப்ளோரிடா போன்ற இடங்களில் இவ்வாறு கரைகள் அரிக்கப்பட்டுள்ளன. எலி வளையும் நண்டு வளையும் கரையை என்ன செய்யும் என்பதை அறிந்த விவசாயிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிரம்பும்போது நீர் தேடுவது இத்தகைய பலவீனமான இடத்தைத்தான்.

இரண்டாவது, மீன் வருமானம். சக்கர் மீன் பாசியையும் அடிமண்ணில் உள்ள இரையையும் தின்று, நாட்டுக் கெண்டை, அயிரை முதலியவற்றின் இரைக்குப் போட்டியாகிறது. மற்ற மீன்களின் முட்டைகளும் அதன் இரையோடு சேர்ந்து போகும். அதன் முள் வலையைக் கிழிக்கும். பிடித்தாலும் சந்தையில் விலை போகாது. மெக்சிகோவில் இன்ஃபெர்னீயோ என்னும் பெரிய நீர்த்தேக்கத்தில் ஜிலேபி கெண்டை பிடித்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்துவந்தன. 2000-க்குப் பிறகு அங்கே வலையை இழுத்தால் வருவது பெரும்பாலும் சக்கர் மீனே என்றாகி, பிழைப்பு நொடித்தது. நம் ஊர்களில் குளத்து மீன்பாசி குத்தகை ஊர்ப் பொதுச் செலவுக்கும் மராமத்துக்கும் பணம் தருகிறது. விலைபோகாத மீன் நிறைந்த குளத்தைக் குத்தகைக்கு எடுக்க யார் முன்வருவார்?

மூன்றாவது, இதனை ஒழிப்பது கடினம். காற்றை விழுங்கி வயிற்றின் வழியே சுவாசிக்கும் திறன் இதற்கு உண்டு. ஈரம் இருந்தால் கரையில் போட்டபின்னும் பல மணி நேரம் உயிர் போகாது. சாக்கடை கலந்த நீரிலும் வாழும். ஆகவே குளத்தில் நுழையாமல் தடுப்பதே நல்லது. வங்க தேசத்தில் 2023-ம் ஆண்டில் இம்மீனை இறக்குமதி செய்யவும் வளர்க்கவும் விற்கவும் தடை விதிக்கப்பட்டது.

கடலிலும் இதே நிலை

முத்துக் குளித்த இக்கடற்கரைக்கும் இதில் பாடம் உண்டு. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் சிங்க மீன் என்ற அழகிய மீன் உண்டு. விசிறி போன்ற துடுப்பும் நஞ்சுள்ள முள்ளும் கொண்டது. இங்கே அதை அடக்க மற்ற உயிர்கள் உள்ளன. ஆகவே அது அளவோடு வாழ்கிறது. இதே வகை மீன் அலங்காரத்துக்காக அமெரிக்கா சென்றது. 1985-ம் ஆண்டில் ஃப்ளோரிடாக் கடலில் முதன்முதலாகக் காணப்பட்டது. தொட்டியிலிருந்து விடப்பட்டவையே இதற்கு மூலம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. கோடையில் நீரோட்டத்தோடு நியூயார்க் வரை செல்லும் குஞ்சுகள் மட்டும் குளிர்காலத்தில் மடிகின்றன. குளிர் உள்ள இடத்தில் காவல் உண்டு, இல்லாத இடத்தில் இல்லை என்பதற்கு இதுவும் சான்று.

எதிர்த்திசையிலும் இது நடந்துள்ளது. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த கப்பாஃபைக்கஸ் என்னும் பாசி, 1990-களில் மண்டபம் பகுதியில் வளர்ப்புக்குக் கொண்டுவரப்பட்டது. அதனால் பல மீனவப் பெண்களுக்கு வருமானம் கிடைத்தது. ஆயினும் வளர்ப்பை மன்னார் வளைகுடாவில் அனுமதிக்காமல், பாக் நீரிணைப் பக்கத்தோடு நிறுத்த 2005-ம் ஆண்டில் அரசு ஆணையிட்டது. 2008-ம் ஆண்டில் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளப்பாறைகளை இப்பாசி போர்த்தியிருப்பதை ஆய்வாளர்கள் தெரிவித்தனர். பயனுள்ள பொருளும் இடம் மாறினால் பயிரை மூடும் களையாகிவிடும்.

கடல் செல்வம் ஒருமுறை குறைந்தால் எளிதில் திரும்புவதில்லை. 1961-ம் ஆண்டுக்குப் பிறகு இக்கடற்கரையில் அரசு நடத்தும் முத்துச் சிலாபம் நடைபெறவில்லை. அயல் மீன் அதற்குக் காரணமன்று. ஆனால் பார்களில் சிப்பி மீண்டும் பெருகும் என்று காத்திருந்த ஆண்டுகள் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால், இருப்பதைக் காப்பதன் அருமை புரியும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. வேண்டாத தொட்டி மீனைக் குளம், கிணறு, வாய்க்கால், ஆறு, கடல் எதிலும் விடக் கூடாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். வளர்க்க விரும்பும் வேறொருவருக்குத் தரலாம். செத்த மீனை மண்ணில் புதைக்க வேண்டும்.

2. தொட்டித் தண்ணீரையும் செடியையும் வாய்க்காலில் கொட்டக் கூடாது. தண்ணீரில் குஞ்சும், முட்டையும், நங்கூரப் புழு போன்ற மீன் ஒட்டுண்ணிகளும் இருக்கும். தண்ணீரைத் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றினால் உரமாகும். செடியை வெயிலில் நன்கு உலர்த்திய பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.

3. குளத்தில் விட மீன் குஞ்சு வாங்கும்போது அரசு மீன் பண்ணையிலோ, நம்பிக்கையான இடத்திலோ கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்க வேண்டும். குளத்தில் விடுமுன் ஒரு வெள்ளைத் தொட்டியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். மீசையுள்ள குஞ்சு, தகடுள்ள குஞ்சு கலந்திருந்தால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை பல ஆண்டுத் தொல்லையைத் தவிர்க்கும்.

4. சக்கர் மீன் வலையில் அகப்பட்டால் மீண்டும் தண்ணீரில் வீசக் கூடாது. கரையில் போட்டுவிட்டு வருவதும் போதாது. அது ஊர்ந்து மறுபடியும் நீரில் இறங்கிவிடும். கொன்று, இரண்டடி ஆழக் குழியில் புதைக்க வேண்டும். தென்னந்தோப்பில் புதைத்தால் மரத்துக்கு எருவாகும். கையில் எடுக்கும்போது துடுப்பு முள் குத்தாமல் சாக்குத் துணியைப் பயன்படுத்த வேண்டும்.

5. சித்திரை, வைகாசியில் குளம் வற்றும் காலமே இவற்றை ஒழிக்க ஏற்ற காலம். கடைசியாகத் தேங்கும் பள்ளங்களில் வலை போட்டு, அயல் மீன்களை மிச்சமின்றி எடுத்துவிட வேண்டும். விரால், குறவை போன்ற நாட்டு மீன்களைத் தாய் மீனாக விட்டுவைக்கலாம்.

6. அதே சமயத்தில் கரையின் உட்புறத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் நின்ற கோட்டையொட்டி வரிசையாக வளைகள் இருந்தால், அவற்றை வெட்டித் திறந்து, களிமண் இட்டு, நன்றாகக் கெட்டித்து மூட வேண்டும். வாயை மட்டும் அடைத்தால் உள்ளே வெற்றிடம் நிற்கும். மடையருகே வளை இருந்தால் நீர்வளத் துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும்.

7. கொசுவுக்காகக் கப்பி அல்லது கம்பூசியா மீன் தரப்பட்டால், மூடியில்லாத தொட்டியிலும் பயன்படாத கிணற்றிலும் மட்டுமே விட வேண்டும். குளத்தில் விட்டால் அவை மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். நெற்றியில் வெள்ளிப் புள்ளி மின்னும் நம் நாட்டுச் சிறுமீனே கொசுப்புழுவை நன்றாகத் தின்னக்கூடியது. அது குளத்தில் இருந்தால் வேறு மீன் தேவையில்லை.

அலங்கார மீன் வளர்ப்போருக்கு

அலங்கார மீன் வளர்ப்பு குறைந்த நிலத்தில் வருமானம் தரும் நல்ல தொழில். சென்னை கொளத்தூரில் பல குடும்பங்கள் இதனால் வாழ்கின்றன. சுய உதவிக் குழுப் பெண்களும் இதில் ஈடுபடுகின்றனர். அவர்கள் இத்தொழிலைக் கைவிட வேண்டியதில்லை. தொட்டியின் கழிவுநீர்க் குழாயில் கொசுவலை போன்ற நெருக்கமான வலையைக் கட்ட வேண்டும். கழிவுநீரை வாய்க்காலில் விடாமல் ஒரு குழியில் விட்டு, மண்ணில் சுவற வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகக் குட்டையின் வரப்பை உயர்த்தி, சுற்றிலும் வலை அடைக்க வேண்டும். வெள்ளம் புகக்கூடிய தாழ்ந்த இடத்தில் சக்கர் மீன் போன்றவற்றை வளர்க்காமலிருப்பதே உத்தமம். விற்பவர்கள், இம்மீன் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை வாங்குபவரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை கடையிலேயே நின்றுவிடும்.

பெயர் தெரியாத மீன் எதுவும் குளத்தில் அகப்பட்டால், அதனைப் பனிக்கட்டியில் வைத்தோ படம் எடுத்தோ மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கோ கொண்டு சென்று காட்டலாம். முதல் மீன் அகப்படும்போதே தெரிந்துவிட்டால் ஒரு குளத்தோடு தடுக்க வாய்ப்புண்டு. மறுகால் பாய்ந்த பிறகு அந்த வாய்ப்பு இராது.

குளம் தூர்வாரினால் மீண்டும் ஆழமாகும். உடைந்த கரையையும் மறுபடி கட்டலாம். குளத்து நாட்டு மீன் அற்றுப்போனால் அதை எந்த மராமத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மேல்நாட்டாருக்குக் குளிர்காலம் செய்யும் காவலை, இங்கே ஆயக்கட்டு விவசாயிகளும் ஊராரும்தான் செய்ய வேண்டும்.